வழுவும் வழுவமைதியும்: ரீமிக்ஸ் இசையில் 'கிளிட்ச்' உத்தி

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு வந்திருந்த அன்பர்களுக்கு இந்தச் சம்பவம் நினைவிருக்கலாம். இளைஞர் நிகழ்ச்சியில் ஒரு ரீமிக்ஸ் ஒலித்தது. வயதான அம்மாள் ஒருவரின் தாலாட்டு, அதன் அடியில் மின்னணு டிரம். இரண்டு நிமிடம் நன்றாகப் போன பாட்டு திடீரென்று திக்க ஆரம்பித்தது. "ரா ரா ரா ரா" என்று ஒரே எழுத்து இருபது, முப்பது தடவை. பிறகு கரகரப்பு. பிறகு சத்தமே இல்லை. மைக்செட்காரர் பதறிப்போய் மேடைக்கு ஓடி, கேபிளைப் பிடுங்கித் திரும்பச் செருகினார். பின்னாலிருந்து ஒரு பையன், "அண்ணா, தொடாதீங்க! பாட்டே அப்படித்தான்!" என்று கத்தினான். சபை முழுக்கச் சிரிப்பு.

சிரிக்காமல் எழுந்து வெளியே போனவர் ஒருவர் உண்டு. அவர் என் அக்கா. பாடிய அம்மாள் எங்கள் தாயார், 1991இல் காலமானவர். கத்திய பையன் என் மகள் வயிற்றுப் பேரன். ரீமிக்ஸ் அவன் கைவேலை. வாசலில் அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, அம்மா குரலை ஏன் இப்படிக் குத்திக் கிழிக்கறீங்க?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. மாட்டுங்காவில் 1984 முதல் 2009 வரை கேசட்டும் சிடியும் விற்றவன் நான். திக்கும் சிடியைத் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போட்ட வாடிக்கையாளர்களை ஆயிரம் பேரையாவது பார்த்திருப்பேன். அந்தத் திக்கலையே காசு கொடுத்து வாங்கிக் கேட்கும் கூட்டம் உலகத்தில் இருக்கிறது என்பதைப் பேரன் மூலமாகத்தான் விரிவாக அறிந்தேன். ஓராண்டு அவனோடு உட்கார்ந்து கற்றதை இங்கே எழுதுகிறேன். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இப்போது லாப்டாப்பில் பாட்டு செய்கிறார்கள். அவர்களுக்கும் அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்ளும் பெரியவர்களுக்கும் இது பயன்படலாம்.

சொல்லும் பொருளும்

'கிளிட்ச்' என்ற சொல் யித்திய மொழியில் வழுக்குதல் என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது என்பர். 1962இல் அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென், மின்சுற்றில் திடீரென ஏற்படும் மின்னழுத்தத் துள்ளலைக் குறிக்க இதை எழுத்தில் பயன்படுத்தினார். இசையில் இதன் பொருள்: கருவியின் அல்லது பதிவின் பழுதாகக் காதில் படும் ஒலியை, வேண்டுமென்றே இசையின் உறுப்பாக வைத்தல். திக்கல், வெட்டு, கிளிக், கரகரப்பு, ஒலி அறுந்துபோதல் எல்லாம் இதில் அடங்கும்.

வழுக்குதல் என்றதும் எனக்கு நம் 'வழு' நினைவுக்கு வந்தது. எங்கள் சமண முனிவர் பவணந்தியார் நன்னூலில் வழாநிலை, வழு என்ற இரண்டோடு நிற்கவில்லை. வழுவமைதிக்கும் இடம் கொடுத்தார். பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்று ஒருவன் சொன்னால் திணை பிழைத்தது. ஆனால் உவப்பினால் அப்படிச் சொன்னான் என்பதால் அது குற்றமாகாது. உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு என்று அதற்கான காரணங்களையும் அவர் எண்ணிக் காட்டுகிறார். காரணம் இருந்தால் வழு அமையும். இல்லையென்றால் வெறும் வழு. கிளிட்ச் உத்தியைப் பற்றி நான் படித்ததிலும் கேட்டதிலும் இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'என் அம்மை வந்தாள்' என்பது நமக்கு இனிப்பது, பசு அஃறிணை என்பது நமக்கு முன்பே தெரிந்திருப்பதால்தான். சரியானது எது என்று தெரியாதவனுக்கு வழுவும் தெரியாது, அமைதியும் தெரியாது.

பழுது பண்ணான கதை

பதிவின் குறையைப் பண்ணாக்கும் முயற்சி கணினியோடு பிறந்ததல்ல. 1948இல் பாரிஸ் வானொலியில் பொறியாளராக இருந்த பியர் ஷேஃபர், இசைத்தட்டின் வரிப்பள்ளத்தை ஒரே வட்டமாக மூடிவிட்டார். ஊசி முன்னேற வழியில்லாமல் அதே ஒலித்துண்டையே சுற்றிச் சுற்றி வாசித்தது. இரயில் வண்டி ஓசைகளைக் கொண்டு அவர் ஓர் இசையாக்கமும் அதே ஆண்டில் செய்தார்.

ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1970களில் பேர் வாங்கிய கிங் டபி என்பவர், தொழிலால் வானொலி, மின்சாதனம் பழுது பார்ப்பவர். வெளிவந்த பாட்டின் பதிவை எடுத்துக்கொண்டு, பாடிக்கொண்டிருக்கும் குரலைப் பட்டென்று அறுப்பார். அடித்தாளம் மட்டும் ஓடும். இரண்டு சொல் திரும்ப வந்து எதிரொலித்து மறையும். இன்று ரீமிக்ஸ் என்று சொல்லப்படுவதற்கு அவர் வேலை ஒரு முக்கியமான வேர். பழுது பார்ப்பவர் கையிலிருந்து இது வந்தது எனக்கு வியப்பளிக்கவில்லை. கம்பி விட்டுப்போனால் எப்படிக் கேட்கும் என்பது அவர்களுக்குத்தானே தெரியும்.

குறுந்தகடு 1982இல் சந்தைக்கு வந்தபோது 'இனி கீறல் சத்தமே இல்லை' என்று விளம்பரம் செய்தார்கள். 1980களின் நடுவில் நியூயார்க்கில் வாழ்ந்த ஜப்பானியக் கலைஞர் யசுனாவோ டோனே, ஊசித்துளை போட்ட ஒட்டும் டேப்பை சிடியின் அடிப்பக்கம் ஒட்டி ஓடவிட்டார். பத்து ஆண்டு கழித்து ஜெர்மனியின் ஓவல் குழுவினர் சிடியின் அடியில் பேனா மையால் வரைந்து, அது தடுக்கி விழும் ஓசைகளைத் திரட்டினார்கள். 1994இல் 'சிஸ்டமிஷ்', 1995இல் '94 டிஸ்கோன்ட்' என்ற தொகுப்புகள் வந்தன. இரண்டாவதில் உள்ள 'டூ வைல்' 24 நிமிடம் ஓடும். முதல் தடவை எனக்குத் தலைவலி வந்தது. மூன்றாம் தடவை, கோயில் மணி ஓய்ந்த பிறகும் காதில் நிற்கும் ரீங்காரம் போல ஒன்று பிடிபட்டது.

எனக்குப் பிடித்த கதை போல் என்ற பெயரில் இசை செய்த ஸ்டெஃபான் பெட்கே என்ற ஜெர்மானியருடையது. வால்டோர்ஃப் நிறுவனத்தின் '4-போல்' என்ற வடிகட்டிக் கருவி 1996இல் அவர் கையிலிருந்து தவறிக் கீழே விழுந்தது. அன்றிலிருந்து அது படபடவென்று பொரிந்தது. அவர் அதைச் சரிசெய்யக் கொடுக்காமல் அந்தப் பொரியலையே தாளமாக வைத்து 1998இல் தொகுப்பு வெளியிட்டார். கருவியின் பெயரே அவர் பெயரும் ஆயிற்று. 2000இல் ஃபிராங்ஃபர்ட்டின் மில் பிளாட்டோ நிறுவனம் 'கிளிக்ஸ் அண்ட் கட்ஸ்' என்ற திரட்டை வெளியிட்டது. அதே ஆண்டில் கிம் காஸ்கோன் தோல்வியின் அழகியல் என்ற பொருளில் எழுதிய கட்டுரையும் வெளிவந்து, இது தனி இசைவகையாக ஏற்கப்பட்டது.

சிடி ஏன் திக்குகிறது?

இதை விளக்காமல் மேலே போக முடியாது. கடை வைத்திருந்த காலத்தில் எனக்கே தெரியாமல் இருந்த விஷயம் இது.

சிடியில் ஒலி, வினாடிக்கு 44,100 அளவீடுகளாக, ஒவ்வொன்றும் 16 பிட் எண்ணாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த எண்களோடு சரிபார்க்கும் எண்களும் சேர்த்து எழுதப்படும். நம் பேரேட்டில் ஒரு தொகை மைபட்டு அழிந்தால், பக்கத்தின் கூட்டுத்தொகையை வைத்து அதைக் கண்டுபிடிக்கிறோமே, அதே கணக்குதான். போதாததற்கு, அடுத்தடுத்த எண்களைத் தள்ளித் தள்ளி எழுதுகிறார்கள். ஒரே இடத்தில் கீறல் விழுந்தாலும் அடுத்தடுத்தவை சேர்ந்து அழியாது. இப்படியாகத் தடத்தின் நீளத்தில் 2.5 மில்லிமீட்டர் வரையிலான சேதத்தைக் கருவி முழுமையாகச் சரிசெய்துவிடும். நமக்கு ஒன்றும் கேட்காது. அதற்கு மேல் போனால் ஊகித்து நிரப்பும். அதுவும் முடியாவிட்டால் வாயை மூடிக்கொள்ளும். லேசர் தடத்தையே தவறவிட்டால்தான் பழைய சுற்றுக்குப் பின்வாங்கி, அதே துண்டை மறுபடி மறுபடி வாசிக்கிறது.

இப்போது ஒரு கணக்கு. 78 சுழற்சி இசைத்தட்டில் ஊசி மாட்டிக்கொண்டால் ஒரு சுற்று ஏறத்தாழ 0.77 வினாடி. எல்.பி.யில் 1.8 வினாடி, அதாவது அரை அடிப் பாட்டு திரும்பத் திரும்ப வரும். சிடி உள்வட்டத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 முறையும், வெளிவட்டத்தில் 200 முறையும் சுழல்கிறது. ஒரு சுற்று பின்வாங்கினால் 0.12 முதல் 0.3 வினாடி. இது ஒரு அசையின் அளவு. எல்.பி. வரியைத் திருப்பிச் சொன்னது. சிடி எழுத்தைத் திருப்பிச் சொல்கிறது. வரி திரும்பினால் 'பாட்டு மாட்டிக்கிச்சு' என்று தோன்றும். எழுத்து திரும்பினால் பாடுகிறவரே திக்குவதுபோல் தோன்றும். அக்காவுக்கு வலித்தது ஏன் என்று இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. கருவி கெட்டதாக அவருக்குக் கேட்கவில்லை. அம்மாவுக்கு வாய் குழறியதாகக் கேட்டிருக்கிறது.

ரீமிக்ஸில் இதற்கு என்ன தனி இடம்?

ரீமிக்ஸ் என்றால் கேட்பவர் மனத்தில் மூலம் ஏற்கெனவே இருக்கிறது. 1964இல் வந்த 'படகோட்டி'யின் 'தொட்டால் பூ மலரும்' 2004இல் 'நியூ' படத்திலும், 1970இன் 'சொர்க்கம்' படத்து 'பொன்மகள் வந்தாள்' 2007இல் 'அழகிய தமிழ்மகன்' படத்திலும் புது உருவில் வந்தன. இரண்டையும் அமைத்தவர் ஏ.ஆர். ரகுமான். அவை கிளிட்ச் வகையல்ல. ஆனாலும் நாம் அவற்றைக் கேட்டபோது ஸ்பீக்கரில் ஒரு பாட்டும் தலைக்குள் ஒரு பாட்டுமாக இரண்டு ஓடின அல்லவா? அந்த இரண்டாவது பாட்டுதான் கிளிட்ச் செய்கிறவனின் மூலதனம். ஸ்பீக்கரில் அறுந்தாலும் தலைக்குள் அறுவதில்லை; விட்ட சொல்லைக் கேட்பவரே நிரப்பிக்கொள்கிறார். மூலம் தெரியாத பாட்டில் இதே வெட்டைப் போட்டால் அவர் நிரப்புவதற்கு ஒன்றுமில்லை.

என் பேரன் செய்த முதல் பிழை இதுதான். அம்மாவின் தாலாட்டு எங்கள் குடும்பத்தில் நாலு பேருக்கு மட்டுமே தெரியும். அரங்கத்தில் இருந்த முன்னூறு பேர் அதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறார்கள். அவர்கள் மனத்தில் முழுப்பாட்டு உட்காருவதற்கு முன்பே உடைத்துவிட்டான். மூலம் பிரபலமில்லாதபோது, பல்லவியை ஒரு தடவையாவது, இரண்டு தடவை என்றால் இன்னும் நல்லது, முழுசாக ஓடவிட்ட பிறகே கை வைக்க வேண்டும்.

இரண்டாவது பிழை மைக்செட்காரரை ஓட வைத்தது. ஒரு வெட்டு முதல் முறை வரும்போது அது பழுதா, இசையா என்று யாராலும் சொல்ல முடியாது. தாளத்தின் அதே இடத்தில் இரண்டாம் முறையும் வந்தால் 'ஓ, வேணும்னே வெச்சது' என்று காது ஒப்புக்கொள்ளும். ஆகையால் முதல் வெட்டு சிறியதாக, தாளத்தோடு ஒட்டியதாக இருந்து, எட்டு ஆவர்த்தம் கழித்து அப்படியே திரும்ப வரவேண்டும். பெரிய விஷமம் எல்லாம் அதற்குப் பிறகு. உடைகிறபோது ஏதாவது ஒன்று உடையாமல் இருப்பதும் அவசியம். குரல் திக்கினால் அடித்தாளம் நேராக ஓட வேண்டும். தாளம் தடுமாறினால் குரல் நிற்க வேண்டும். இரண்டும் சேர்ந்து உடைந்தால் அது ரிப்பேர் கடைதான்.

காலும் அரைக்காலும் வீசமும்

திக்கலின் நீளத்தைக் கணக்கிட நம் பழைய பின்ன வாய்பாடே போதும். நிமிடத்துக்கு 80 அடி என்ற வேகத்தில் ஓர் அடி 0.75 வினாடி. அரை 0.375. கால் 0.19. அரைக்கால் 0.094. வீசம் 0.047. ஏபிள்டன் லைவ் மென்பொருளில் 'பீட் ரிபீட்' என்று ஒரு கருவி உண்டு. அதில் 1/4, 1/8, 1/16 என்று இருப்பவை முழு ஆவர்த்தத்தின் பங்குகள், நம் கணக்கு ஓர் அடியின் பங்கு. இந்த வேறுபாடு தெரியாமல் நானும் பேரனும் ஒரு சாயங்காலம் முழுக்க வாதாடினோம்.

காலும் அரைக்காலும் திரும்பும்போது தாளமாகக் கேட்கும். வீசத்தில் ஒரு விசித்திரம் நடக்கிறது. 0.047 வினாடித் துண்டைத் தொடர்ந்து அடுக்கினால் வினாடிக்கு 21 முறை. வினாடிக்கு ஏறத்தாழ 20 முறைக்கு மேல் திரும்பும் எதையும் நம் காது எண்ணுவதை விட்டுவிட்டு ஒரே ஸ்வரமாகக் கேட்கத் தொடங்கும். அதாவது வீசத்துக்குக் கீழே தாளம் முடிந்து சுருதி பிறக்கிறது. திக்கல் வேகமாகிக்கொண்டே போய் 'ஙீ...' என்று கம்பி இழுப்பதுபோல் முடிவதைக் கேட்டிருப்பீர்கள், காரணம் இதுதான். பெரும்பாலான பிள்ளைகள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். அந்த ஸ்வரம் பாட்டின் சுருதியோடு சேர வேண்டாமா? அம்மா பாடியது ஐந்து கட்டை. அதன் ஆதார ஸட்ஜம் வினாடிக்கு 196 அதிர்வு. ஆகவே துண்டின் கடைசி நீளம் 0.0051 வினாடியாக இருந்தால் திக்கல் ஸட்ஜத்தில் போய் நிற்கும், இரட்டித்து 0.0102 என்று வைத்தால் மந்திர ஸட்ஜம். பேரன் முதலில் வைத்திருந்தது கண்ணை மூடிக்கொண்டு போட்ட எண். அபஸ்வரம் காதைக் குடைந்தது; காரணம் யாருக்கும் தெரியவில்லை.

எத்தனை முறை திருப்பலாம்? அடுக்குத்தொடருக்குப் பவணந்தியார் வரம்பு கட்டியிருக்கிறார்: அசைநிலைக்கு இரண்டு, பொருள்நிலைக்கு மூன்று, இசைநிறைக்கு நான்கு. 'பாம்பு பாம்பு பாம்பு' என்று மூன்று தடவை அலறலாம். பதினாறு தடவை அலறினால் கேட்பவன் பாம்பைத் தேடமாட்டான், அலறுகிறவனைப் பார்ப்பான். இது மொழிக்குச் சொன்னது, ரீமிக்ஸுக்கு அல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் நாங்கள் இரண்டு, மூன்று, நான்கு, எட்டு, பதினாறு என்று வைத்துக் கேட்டுப் பார்த்தோம். நான்குக்கு மேல் போனபோது சொல் மறைந்து சத்தம் மட்டும் மிஞ்சியது. சத்தம்தான் வேண்டும் என்றால் மேலே போகலாம். சொல் வேண்டும் என்றால் நான்கோடு நிற்பது நல்லது. பி.டி. என்ற அமெரிக்க இசைஞர் 2003இல் ஒரு பாட்டில் 6,178 குரல் வெட்டுகள் செய்து கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தார். கைத்திறனை மறுப்பதற்கில்லை. ஆனால் அதைக் கேட்டு முடித்தபோது எனக்கு எண்ணிக்கைதான் நினைவில் நின்றது.

எந்த எழுத்தில் வெட்டுவது என்பது தமிழுக்கே உரிய சங்கடம். வல்லின எழுத்தின் தொடக்கத்தை அடுக்கினால் மிருதங்கச் சொல்போல் கேட்கும். நெட்டுயிரை அடுக்கினால் வயலின்போல் நீளும். மெல்லினம் மூக்கில் ஒட்டிக்கொண்டு தெளிவில்லாமல் போகும். வெட்டும்போது மிஞ்சும் துண்டு என்ன சொல்கிறது என்றும் பார்க்க வேண்டும். 'மலர்' என்பதன் கடைசி ஒற்று போய்விட்டால் மிஞ்சுவதைச் சபையில் நாலு தடவை சொல்ல முடியுமா? மொழி தெரியாத மென்பொருளுக்கு இது தெரியாது. தன்னிச்சையாக வெட்டித் தரும் செருகுநிரல்கள் பல உண்டு. அவற்றை ஓடவிட்டு, வந்ததைப் பதிவுசெய்து, பத்தில் ஒன்றைக் கையால் பொறுக்கி வைப்பதே முறை. மேடையில் அதை அதன் போக்கில் விடக்கூடாது.

மற்றச் சரக்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அலை பூச்சியத்தில் இல்லாத இடத்தில் வெட்டினால் 'டிக்' என்ற ஒலி வரும். வேண்டாமென்றால் வெட்டின் இரு ஓரத்திலும் 0.002 முதல் 0.005 வினாடி வரை தேய்த்துவிட்டால் போய்விடும். பிட் குறைத்தல் என்பது 16 பிட்டின் 65,536 படிகளை 8 பிட்டில் 256 ஆகவோ, 4 பிட்டில் 16 ஆகவோ ஆக்குவது. ஒலி எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு அதிகமாகச் சிதையும். ஆகவே டிரம்முக்குப் போட்டால் முறுக்கு ஏறும்; மெல்லிய குரலுக்குப் போட்டால் மணலை அள்ளிப் போட்டதுபோல் ஆகும். மாதிரி வேகத்தை 44,100இலிருந்து 8,000 ஆகக் குறைத்தால், முன்வடிகட்டி இல்லாதபட்சத்தில், 4,000 அதிர்வுக்கு மேலானவை மடிந்து கீழே விழுந்து, 'ச', 'ஸ' எழுத்துகள் விசிலடிக்கும்.

எல்லாவற்றிலும் வலியது மௌனம். எடுப்புக்கு அரை அடி முன்னால் எல்லா ஒலியும் நின்று, எடுப்பில் திரும்ப வந்தால், அந்த அரை அடியில் சபையே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் எதிரொலியின் வாலையும் சேர்த்து அறுக்க வேண்டும். வால் தொங்கினால் அது நிறுத்தம், வெட்டு அல்ல. ஒரு பாட்டுக்கு ஒரு தடவை போதும்.

அம்மாவின் டேப்

விழா முடிந்து ஒரு மாதம் கழித்துப் பேரனோடு மூலக் கேசட்டை முதலிலிருந்து கேட்டேன். 1986இல் வந்தவாசி அருகே எங்கள் ஊரில், என் மகளுக்குப் பத்து மாதமாக இருக்கும்போது, கடையிலிருந்து நான் கொண்டுபோன டூ-இன்-ஒன்னில் பதிவானது. கேசட் வினாடிக்கு 47.6 மில்லிமீட்டர் ஓடுகிறது. ஒரு மில்லிமீட்டர் பூச்சு உதிர்ந்தால் 0.02 வினாடி ஒலி போச்சு. அப்படி உதிர்ந்த இடங்கள் பல. அவற்றையெல்லாம் மென்பொருளால் நிரப்பிச் சுத்தமாக்கிவிட்டு, அதன்மேல் தன் செயற்கை வெட்டுகளைப் போட்டிருக்கிறான்! இருந்த பழுதை அழித்துவிட்டு இல்லாத பழுதைக் கொண்டுவந்ததைச் சொன்னபோது அவனுக்கே சிரிப்பு வந்தது.

நடுவில் ஓரிடத்தில் அம்மாவின் குரல் சட்டென்று மேலே ஏறி, மெலிந்து மறைகிறது. உடனே கீச்சென்ற ஒலி இறங்கிவந்து நிலைக்கிறது. "இது டேப் கோளாறு தாத்தா, அதான் வெட்டிட்டேன்" என்றான். கோளாறு அல்ல, கரண்ட் போன இடம். கரண்ட் போனால் குரல் தாழ வேண்டாமா என்று கேட்டான். கேட்கும்போது போனால் தாழும். பதிவாகும்போது போனால், மோட்டார் தளர்ந்து மெதுவாக ஓடிய நாடாவைப் பின்னால் சரியான வேகத்தில் ஓட்டுகிறோம். அதனால் குரல் ஏறுகிறது. கரண்ட் திரும்பும்போது மோட்டார் வேகம் பிடிக்கும் வரை கீச்சென்று தொடங்கி இறங்குகிறது. இருட்டில் நாடா நின்றுவிட்டதால் இடைவெளி என்று டேப்பில் எதுவும் இல்லை. அந்தக் கீச்சுக்குப் பிறகு ஒரு பெண் குரல், "கரண்ட் வந்துடுச்சு, பாடும்மா" என்கிறது. அது அக்கா. அதையும் வேண்டாத பேச்சு என்று வெட்டியிருந்தான்.

முதலில் கேசட்டிலிருந்து கைபடாத பிரதி ஒன்று எடுத்துத் தனியே வைத்தோம். பிறகு புது ரீமிக்ஸ். தாலாட்டு தாளக்கட்டில்லாமல் பாடியது. அதை இழுத்து 80க்குள் அடைக்காமல், டிரம்மை அதைச் சுற்றி வைத்தான். பல்லவி இரண்டு முறை முழுசாக ஓடியது. மூன்றாம் முறை முடிவில் 'ரா' கால் அளவில் நான்கு தடவை அடுக்கி, 'ரோ' என்று முழுதாக முடிந்தது. தாலாட்டிலேயே அந்த எழுத்து அடுக்கித்தானே வருகிறது. அம்மா திக்கியதாகத் தோன்றவில்லை. அடுத்த சுற்றில் அதே இடத்தில் அதே நான்கு. அதன் பிறகு கரண்ட் போகும் இடம். குரல் ஏறும்போது டிரம்மையும் அதே வளைவில் ஏற்றி, எல்லாவற்றையும் அறுத்து, ஒரு முழு ஆவர்த்தம், மூன்று வினாடி, மௌனம். பிறகு கீச்சு, அக்காவின் குரல், தாலாட்டு. அதற்குமேல் கடைசி வரை ஒரு வெட்டும் இல்லை.

அக்கா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்ப் போட்டோம். 'ரா' அடுக்கியபோது முகம் சுளித்தார். கரண்ட் போன இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் குரல் வந்ததும் திரும்பப் போடச் சொன்னார். மூன்றாம் தடவைக்குப் பிறகு பேரனிடம், "கரண்ட் அவ்வளவு சீக்கிரம் வரலைடா. ரொம்ப நேரம் இருட்டுதான். உங்கம்மா அழுதுகிட்டே இருந்தா, பாட்டி டேப் இல்லாமலே பாடிக்கிட்டிருந்தாங்க" என்றார். 'ரா' விஷயத்தில் இன்றுவரை அவருக்குச் சம்மதமில்லை. அதை இரண்டாகக் குறைக்கச் சொல்கிறார்; பேரன் நான்குதான் என்கிறான்; பவணந்தியார் அவன் பக்கம்.

இந்த ஆண்டு பொங்கல் விழாவில் அதை ஒலிக்கவிட்டோம். மூன்று வினாடி மௌனம் வரும், கேபிளைத் தொட வேண்டாம் என்று மைக்செட்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோம். அப்படியும் அவர் கை பிளக் பக்கம் ஒரு தடவை போய்த்தான் வந்தது.